ஒட்டாத ஏழாவது இலை

அத்தியாயம் 6

என் அண்ணனைத் திருடன் என்று சொன்ன கையோடு, காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார் அருங்காட்சியக இயக்குநர்.

"அவருக்கா, எங்களுக்கா?" என்றேன்.

"உங்களுக்குத்தான்மா. அவர் இப்போ போலீஸ் பொறுப்புல இருக்கார்."

போலீஸ் பொறுப்பு என்பது பக்கத்து அறை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இன்ஸ்பெக்டருக்கு எதிரே ஒரு முக்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். காக்கிச் சீருடை, மடியில் தொப்பி. நாட்டின் முதல் கொடி இருக்கிற கூடத்துக்கு அவன்தான் காவலாளி. அவனுக்குத் தலை நரைத்ததே அந்தக் கூடத்தில்தான்.

அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தொழிலே துப்பறிவது. ஒரு மாடி அறை, ஒரு மேஜை, ஒரு பெயர்ப்பலகை, ஒரு நாத்தனார், அவ்வளவுதான் எங்கள் நிறுவனம். நாத்தனார் நான். காணாமல் போன கணவர்களைத் தேடிக் கொடுப்பதில் அண்ணி கொடி கட்டிப் பறக்கிறாள். இந்தத் தடவை கணவர் எங்கேயும் போகவில்லை. பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அவளுடையவர். அதுதான் சிக்கல்.

அவள் முகத்தில் எதையும் படிக்க முடியாது. ஆனால் வலது காலில் கறுப்புச் செருப்பு, இடது காலில் பழுப்பு. போன் வந்ததும் கிளம்பிய வேகத்தில் ஜோடி மாறிவிட்டது. அடுத்தவர் செருப்பில் ஒட்டியிருக்கும் மண்ணை வைத்து எந்தத் தெருவென்று சொல்கிறவள், தன் காலைக் கவனிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. சொன்னால் அவள் பயந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரிந்துவிடும்.

"முதல்லேருந்து சொல்லுங்க சார்," என்றாள் அண்ணி.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். அவர் பேச ஆரம்பித்தாலே மேடை தானாக முளைத்துவிடும்.

"சுதந்திரப் பொன்விழா. இன்னிக்குச் சாயங்காலம் நாட்டுத் தலைவர் வந்து கொடியைப் பார்வையிடறார். அதுக்காகப் பெரிய கண்ணாடிப் பெட்டி வாங்கினோம். பழைய பெட்டி சின்னது. முதல் நாள்லேருந்தே கொடியை ரெண்டா மடிச்சுத்தான் வெச்சிருந்தாங்க. மேல் பாதி மட்டும்தான் இத்தனை வருஷமா ஜனங்க பார்த்தது. இன்னிக்குக் காலையில முதல் தடவையா முழுசா விரிச்சோம்."

"விரிச்சு?"

"எண்ணினோம். இலை ஆறுதான் இருக்கு."

எங்கள் கொடியில் இலை ஏழு. இது நாலாம் வகுப்புப் பாடம். மேலே நீலம், கீழே நீலம், நடுவில் வெள்ளை, வெள்ளையில் ஒரு பச்சைக் கொடி. அதாவது செடிகொடி என்கிறோமே, அந்தக் கொடி. கொடியிலே கொடியை வரைந்த நாடு எங்களுடையதாகத்தான் இருக்கும். அன்றைக்கு யோசிக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. இதய வடிவில் ஆறு இலைகள், ஆறு மாகாணங்கள். நுனி மேலே பார்க்க, தண்டோடு ஒட்டியிருக்கும். ஏழாவது இலை மட்டும் கீழ்ப் பாதியில், தண்டில் ஒட்டாமல், ஒரு விரற்கடை தள்ளி, நுனி கீழே பார்க்கத் தனியாக நிற்கும். நான் அதை ஒட்டி வரைந்து பரீட்சையில் முட்டை வாங்கினேன்.

"அந்த ஏழாவது இலைக்கு என்ன சார் அர்த்தம்?" என்று கேட்டாள் அண்ணி.

கேட்டிருக்கக் கூடாது. இயக்குநர் அலமாரியிலிருந்து தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்தார். அட்டையில் அவர் பெயரும் படமும். "என் ஆராய்ச்சியே அதுதான். ஒட்டாமல் நிற்பது விடுதலை. தலை குனிந்திருப்பது பணிவு. விடுதலையிலும் பணிவு! உலகத்துல எந்தக் கொடியிலயும் இந்தத் தத்துவம் கிடையாது."

"சரி. என் வீட்டுக்காரர் எப்படித் திருடன் ஆனார்?"

"ஏழாவது இலை இருக்க வேண்டிய இடத்துல ஊசி குத்தின தடமே இல்ல. பிரிச்சு எடுத்திருந்தா ஓட்டையாவது இருக்கும். ஆக, இது வேற துணி. அசலை மாத்திட்டாங்க. பெட்டிச் சாவி ரெண்டு பேர்கிட்டதான். ஒருத்தர் நான்."

"இன்னொருத்தர்?"

"நான் இல்லாதவர்."

பக்கத்து அறையிலிருந்து இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், களைத்த மனிதர். "அம்மா, தலைவர் வர்றதுக்குள்ள நான் யாரையாவது கூட்டிக்கிட்டுப் போயாகணும். மேலிடத்து உத்தரவு. அதுக்குள்ள ஏதாவது செய்ய முடியும்னா செய்யுங்க."

அண்ணன் முக்காலியிலிருந்து எங்களைப் பார்த்தான். "நான் எடுக்கல," என்றான்.

"தெரியும். வீட்டுல ரிமோட்டையே உங்களால எடுத்த இடத்துல வைக்க முடியாது," என்றாள் அண்ணி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

* * *

கொடிக் கூடத்தில் மேஜைமேல் புதுக் கண்ணாடிப் பெட்டி மூடி திறந்திருக்க, அதற்குள் அந்தத் துணி விரிந்து கிடந்தது. பழுத்துப்போன வெள்ளை, நைந்த நீலம். அண்ணி சுற்றி வந்து பார்த்தாள். பிறகு இயக்குநரிடம் கேட்டாள்.

"நீங்க போலிக் கொடி செய்யணும்னா எத்தனை இலை போடுவீங்க சார்?"

"நான் ஏன் செய்யறேன்?"

"ஒரு பேச்சுக்கு."

"ஏழு."

"நான் செஞ்சாலும் ஏழு. இவ செஞ்சா, ஒட்டி வெச்சிருப்பா, ஆனா ஏழு. நாட்டுல எந்தத் திருடன் செஞ்சாலும் ஏழுதான். முகமூடி செய்றவன் மூக்கை மறப்பானா? போலின்னா எல்லாம் சரியா இருக்கும் சார். இது தப்பா இருக்கு. அதனால இதுதான் அசல்."

இயக்குநர் சுவரைக் காட்டினார். "அப்போ படத்துல ஏழு இலை எப்படி வந்தது?"

சுவர் முழுக்க அந்தப் புகைப்படம் பெரிதாக்கி மாட்டியிருந்தது. எல்லாப் பாடநூலிலும் வரும் படம்: நாட்டின் முதல் நாள், மழை, குடை பிடித்த பெரிய மனிதர்கள், கம்பத்தில் தொப்பலாக நனைந்த கொடி. எண்ணினேன். ஏழு. ஏழாவது அதே இடத்தில், தனியாக, தலைகீழாக.

"மத்த கொடிகளை எல்லாம் எதைப் பார்த்துத் தைச்சாங்க?" அண்ணி கேட்டாள்.

"இந்தப் படத்தைப் பார்த்துத்தான். அசல் அன்னிக்கே மடிச்சுப் பெட்டிக்குள்ள போயிடுச்சு. பத்திரிகையில வந்தது இந்த ஒரு படம்தான். சட்டம் எழுதினதும் இதை வெச்சுத்தான்."

"கறுப்பு வெள்ளைப் படம்," என்றாள் அண்ணி. அதோடு விட்டுவிட்டாள். அவளுக்கு இந்தப் பழக்கம் உண்டு. பாதி சொல்லிவிட்டு மீதியை மென்று முழுங்குவாள். கூட இருக்கிறவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். கொடிக்கு அந்தப்புறம், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வாத்தியக் குழு. அவர்களுக்கும் அப்பால், முக்காலிக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஓர் ஆள். அவருக்குப் பின்னால் ஒரு கடைப் பலகை. மழையில் பாதிதான் தெரிந்தது: 'திருத்தகம்'.

"என்ன திருத்துவாங்க? சட்டமா?" என்றேன்.

"முடி. முடிதிருத்தகம். இந்தக் கேமரா நம்மளப் பார்த்து நிக்குது. இவர் கொடிக்கு அந்தப் பக்கத்துலேருந்து எடுத்திருக்கார். எல்லாரும் முன்பக்கத்தையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க. கிளம்பு நாத்தனாரே."

* * *

கொடி மைதானம் நடந்து போகிற தூரம். அண்ணி நடந்தால் நான் ஓட வேண்டியிருக்கும். கறுப்பு, பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று அவள் செருப்புகள் முன்னால் போயின. போகிற வழியெல்லாம் பொன்விழாக் கொடிகள். விளக்குக் கம்பம், பஸ், காய்கறி வண்டி, ஒரு நாயின் கழுத்து. எல்லாவற்றிலும் ஏழு இலை. எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பழைய கம்பம் இன்னும் இருந்தது. அதன்மேல் குடைபோலக் கவிந்துகொண்டு ஒரு பூவரச மரம். அண்ணி அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

நான் சும்மா இருப்பேனா? ஓர் இலையைப் பறித்துச் சுருட்டி, நுனியைக் கடித்து ஊதினேன். 'பீ' என்று சத்தம் வந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் முறைத்தார்.

"அண்ணன் ஜெயிலுக்குப் போகப் போறான், நான் பீப்பி ஊதறேன்," என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்கவைத்தவன் அவன். படிப்புக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை என்பது வேறு விஷயம்.

அண்ணி என்னைப் பார்த்தாள். "நாலஞ்சு பறிச்சுப் பையில போட்டுக்கோ. கிழியாததா பாரு."

"ஆறுதலுக்கா?"

"பறின்னா பறி."

பறித்தேன்.

முடிதிருத்தகம் மைதானத்துக்கு எதிரிலேயே இருந்தது. பலகை மட்டும் புதிது. உள்ளே ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். மீதிப் பாதி முடிந்திருந்தது. கத்தியோடு நின்ற கடைக்காரர் பெண்கள் இரண்டு பேர் நுழைந்ததைப் பார்த்து, "லேடீஸ் கடை அடுத்த தெரு," என்றார்.

"முடி வெட்ட வரல. இந்தக் கடைக்கு முன்னாடி வாத்தியக்காரங்களை நிறுத்திப் படம் எடுத்தாங்களே, முதல் கொடி ஏத்தின அன்னிக்கு?"

கடைக்காரர் கத்தியை மூடினார். முகம் மலர்ந்துவிட்டது. "அதோ, அப்பா! பெரிய டிரம்!"

எதிர்ச் சுவரைக் காட்டினார். ஊதுபத்திப் புகை படிந்த சட்டத்துக்குள் அந்தப் படம். குழலும் டிரம்மும் வைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கும் மனிதர்கள். அவர்கள் தலைக்கு மேலே, பின்பக்கத்திலிருந்து தெரிகிற அதே நனைந்த கொடி.

நான் மூக்கு சட்டத்தில் இடிக்கிற அளவுக்குப் போய் எண்ணினேன். ஆறு! திரும்ப எண்ணினேன். ஆறு! "அண்ணி, ஆறு!" என்று கத்தி, நுரை முகத்துக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். நல்ல வேளை, கத்தி மூடியிருந்தது.

அண்ணி அசையவில்லை. "பத்தாது."

"என்ன பத்தாது? ஆறுதானே!"

"இது பின்பக்கம். ஏழாவது இலையை முன்பக்கம் மட்டும் ஒட்டியிருந்தாங்கன்னு சொல்வார் அந்த இயக்குநர். பசையில ஒட்டினா ஊசித் தடமும் இருக்காதுன்னு சேர்த்துச் சொல்வார். புத்தகம் எழுதினவர், லேசுல விடமாட்டார்."

எனக்குக் காற்றுப் போன பலூன் மாதிரி ஆகிவிட்டது. வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தன் பங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

"நல்ல படம்மா. ஒரே குறை, அப்பா தொப்பியில அந்த அழுக்கு. எங்கம்மா கடைசி வரைக்கும் அதைச் சொல்லித் திட்டினாங்க. நாடு பிறந்த அன்னிக்கு அழுக்குத் தொப்பியோடயா ஒரு மனுஷன் நிப்பான், கண்ணாடி பார்க்கத் தெரியாதான்னு. துவைச்சுத்தான் போட்டேன்னு அப்பா தலையில அடிச்சுச் சொல்வார். யார் நம்புறா?"

அண்ணி படத்துக்குக் கிட்டே போனாள். டிரம்காரரின் வெள்ளைத் தொப்பியில், முன் விளிம்புக்கு மேலே, இதய வடிவில் ஒரு கறுப்புத் திட்டு. அதிலிருந்து வாலாக நீண்டது ஒரு காம்பு.

"நாத்தனாரே, பையிலேருந்து ஒரு இலையை எடு."

எடுத்தேன். அண்ணி அதைத் தொப்பிக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதே இதயம், அதே வால். நுரைக்காரர்கூட எழுந்து வந்துவிட்டார்.

"மழைக்கு மரத்துலேருந்து விழுந்தது, நனைஞ்ச கொடியில ஒட்டிக்கிச்சு," என்றாள் அண்ணி. "அந்த நேரத்துல முன்பக்கக்காரர் படம் எடுத்துட்டார். கறுப்பு வெள்ளைப் படத்துல தைச்ச இலை எது, விழுந்த இலை எதுன்னு யாருக்குத் தெரியும்? அப்புறம் காத்தடிச்சிருக்கு. கொடியில இருந்தது உங்கப்பா தொப்பிக்கு வந்துடுச்சு. அப்போ இந்தப் பக்கக்காரர் படம் எடுத்திருக்கார்."

"அப்போ... அழுக்கு இல்லையா?"

"இல்ல. நம்ம நாட்டோட விடுதலையும் பணிவும்."

கடைக்காரர் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, தானாகவே சட்டத்தைக் கழற்றினார். ஆணியிலிருந்து அது இறங்கியதே இல்லையாம். "அம்மா இருந்திருக்கணும்," என்று மட்டும் சொன்னார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டார். பாதி முகத்துக்காரர் பாதி முகத்தோடேயே எங்கள் பின்னால் வந்தார்.

* * *

கொடிக் கூடத்தில் இன்ஸ்பெக்டரும் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் படத்தைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ இதுதான் அசல்," என்றார் இன்ஸ்பெக்டர், எழுந்து நின்று. "திருட்டே நடக்கல."

"ஒரு நிமிஷம்." இயக்குநரின் குரல் தாழ்ந்துவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரத்துல தலைவர் வந்துடுவார். அவர் சட்டையில குத்தியிருக்கிற சின்னத்துல ஏழு இலை. வாசல்ல நிக்கற பிள்ளைங்க கையில ஏழு. தேசிய கீதத்துல 'ஏழிலைக் கொடியே'ன்னு வருது. உள்ளே ஆறைக் காட்டினா..." மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பச்சை நூல்கண்டை வெளியே வைத்தார். ஊசி அதிலேயே குத்தியிருந்தது. காலையிலேயே யோசித்து வைத்திருக்கிறார், மனுஷன். "ஒரே ஒரு இலை. பட்டன் தைக்கத் தெரிஞ்சவங்க யாரும் தைச்சிடலாம்." அண்ணனைப் பார்த்தார். "நீயே தைச்சிடு. புகாரைக் கிழிச்சுப் போட்டுடறேன். இல்லேன்னா ஒரு இலை காணோம், காவலாளி பொறுப்புன்னு எழுதறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

இன்ஸ்பெக்டர் மேலே பார்த்தார். விட்டத்தில் ஏதோ முக்கியமான தடயம் இருந்தது போல.

"அண்ணா, தைச்சிட்டு வா, வீட்டுக்குப் போலாம்!" என்றேன்.

அண்ணன் எழுந்தான். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். "இத்தனை வருஷமா இதைத் தொடாதேன்னு ஊரையே விரட்டியிருக்கேன். அமைச்சர் பேரனைக்கூட விரட்டினேன். இப்போ நானே ஊசியால குத்தணுமா? முடியாது சார். இருக்கறதைக் காக்கத்தான் எனக்குச் சம்பளம். இல்லாததை ஒட்ட வேற ஆளைப் பாருங்க."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் இன்ஸ்பெக்டர் முன்னால் நீட்டினான். விலங்கு மாட்டச் சொல்லி. எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

அண்ணி அவனைப் பார்த்தாள். அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "இன்னொரு இலை. நல்லதா."

கொடுத்தேன். அண்ணி மேஜைக்குப் போனாள். துணியைத் தொடவில்லை. பெட்டியின் கண்ணாடியை மூடச் சொன்னாள். அண்ணன்தான் மூடினான். அந்தக் கண்ணாடியின் மேல், தண்டிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, காம்பு மேலே, நுனி கீழே பார்க்க இலையை வைத்தாள்.

"இப்போ ஏழு," என்றாள். "அன்னிக்கும் இப்படித்தான் இருந்தது. பொய் இல்ல, ஊசி இல்ல."

இயக்குநர் குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"உங்க புத்தகத்துல எழுதினது சரிதான் சார்," என்றாள் அண்ணி. "அது ஒட்டவே இல்ல."

"காய்ஞ்சு போயிடுமே," என்றார் இயக்குநர். கேட்டது நியாயமான கேள்விதான்.

"தினமும் மாத்துங்க. மரம் பக்கத்துலதான் இருக்கு. அந்த வேலைக்கு நம்பிக்கையான ஆள் வேணும். ஒரு இலை வைன்னா ஒரு இலை மட்டும் வைக்கிறவரா."

இன்ஸ்பெக்டர் விட்டத்திலிருந்து கண்ணை இறக்கி, விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். "ஏழு. கணக்கு சரி. நான் கிளம்பறேன்." புகாரைத் தானே நாலாகக் கிழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

தலைவர் வந்தார், பார்த்தார், பணிவைப் பற்றிப் பேசினார், போனார். முடிதிருத்துபவர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி வரை முன்வரிசையில் நின்றார். பாதி முகத்துக்காரரும் நின்றார். அவரைக் கலைநிகழ்ச்சிக்கு வேஷம் கட்டிய ஆள் என்று நினைத்துத் தலைவர் கைகொடுத்தார்.

கூட்டம் கலைந்ததும் நாங்கள் மூன்று பேரும் படியிறங்கினோம். அண்ணன் பாதிப் படியில் நின்றான். வீட்டில் புதுத் திரைச்சீலை மாட்டினாலும், அண்ணி கூந்தலைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்தாலும் கவனிக்காதவன். குனிந்து அவள் காலையே பார்த்தான்.

"என்னடி இது, ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பழுப்பு?"

அண்ணியும் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் பார்க்கிறாள்.

"ரொம்பப் பயந்துட்டியா?" என்று கேட்டான்.

"இல்லையே," என்றாள் அண்ணி. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள். அண்ணன் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்தான்.

நான் அவர்களைப் பார்க்காத மாதிரி திரும்பி நின்று, பையில் மிச்சமிருந்த இலைகளில் ஒன்றைச் சுருட்டி ஊதினேன். சத்தமே வரவில்லை.